ஆட்டு எலும்புத் தூளில் 29.4 டிகிரி கோணத்தில் கால்சைட் (கால்சியம் கார்பனேட் படிகம்), எங்கிருந்து வருகிறது?

தஞ்சாவூர், கல்லூரி ஆய்வகம். கறிக்கடையில் வாங்கிய வெள்ளாட்டுத் தொடை எலும்பு. கொலாஜனை (எலும்பிலுள்ள புரதம்) நீக்க 5% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (பிளீச்) 24 மணி நேரம். கழுவி, 40 டிகிரி செல்சியஸில் உலர்த்தல். எக்ஸ்ஆர்டியில் (படிகங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை; காப்பர் கதிர்) 25.9 டிகிரி கோணத்தில் அபடைட் (எலும்பின் கனிமம்) முகடு அகலமாக, வரவேண்டியபடியே வருகிறது. ஆனால் 29.4-ல் ஊசிபோல் ஒரு கால்சைட் முகடு! எஃப்டிஐஆரிலும் (அகச்சிவப்பு நிறமாலை) 712 செ.மீ⁻¹-ல் தெரிகிறது.

நம்மூர் போர் தண்ணீர்ச் சுண்ணாம்போ என்று காய்ச்சி வடித்த நீருக்கு மாறியாயிற்று. அரைக்கும் அகேட் கல் உரலையும் மாற்றியாயிற்று. பிளீச்சில் போடாத தூளில் அந்த முகடே இல்லை. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் கால்சைட் போகிறது. கூடவே சில நானோமீட்டர் தடிமனே உள்ள அபடைட் தகடுகளும் கரைகின்றன. 600 டிகிரி செல்சியஸில் சுட்டால் அபடைட் படிகம் வளர்ந்து, எக்ஸ்ஆர்டியில் 31–34 டிகிரி கோண மேடு தனித்தனி முகடுகளாகப் பிரிந்துவிடும். கொலாஜனை நீக்கும் இன்னொரு வேதிப்பொருளான ஹைட்ரசீன் நச்சு, இங்கே அனுமதி இல்லை.

கால்சைட் உருவாகாமல், படிக அளவும் மாறாமல் கொலாஜனை நீக்க பிளீச்சின் செறிவு, நேரம், கழுவும் முறை ஆகியவற்றில் எதை மாற்ற வேண்டும்?