முற்றத்து வெளிச்சத்தில் எடுத்த காட்சி

திருவையாறு பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் குறும்படம் எடுத்தோம், ஒளிப்பதிவு நான். வேலைக்குப் போகும் மகன் ரேழியில் நிற்கிறான், எதிரே கூடத்துத் தூணோரம் அம்மா, நடுவில் முற்றம். கேமராவை மகன் முதுகுக்குப் பின்னால் வைத்தோம்.

சித்திரை மாதம். நம் ஊரில் அப்போது உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். முற்றத்துத் தரை கண்ணைப் பறித்தது, அம்மா முகத்தில் கண் இருக்கும் இடமே இருட்டு. சென்னை யூனிட்டில் வேலை பார்த்த லைட்மேன் அண்ணன் விளக்கு எதையும் வண்டியிலிருந்து இறக்கவிடவில்லை. "இருங்க தம்பி, மேல இருக்கிறதை முதல்ல அடக்குவோம்" என்று வீட்டுப் பெரியவரிடம் வெள்ளை வேட்டிகள் வாங்கி முற்றத்துக்கு மேலே இழுத்துக் கட்டினார். வேட்டிக் கரையின் நிழல் கோடாக விழும் என்று அதை ஓரமாகத் தள்ளினார். காற்றில் துணி உப்பி இறங்கினால் முகத்தில் வெளிச்சம் ஆடும், அதனால் குறுக்கே கயிறும் போட்டார்.

அப்புறம் பார்த்தால் வெளிச்சம் பால் மாதிரி இறங்கியிருந்தது. அம்மாவைச் சுவரோரம் தள்ளி உட்கார வைத்தோம். மகன் "வர்றேன்மா" என்றதும் எழுந்து முற்றத்து விளிம்பு வரை நடந்து வருகிறார். அடிக்கு அடி முகம் தெளிகிறது, தூணருகே வரும்போதுதான் கண்ணில் நீர் தெரிகிறது. கட் இல்லை, குளோசப் இல்லை. நடிகர் எங்கே நிற்கிறார், எங்கே நகர்கிறார் என்பதே பாதி லைட்டிங். மகனை நிழலுருவமாகவே விட்டோம். இப்படிப்பட்ட வீட்டில் நாலு மூலையிலும் எல்இடி வைத்துச் சமமாக வெளிச்சம் பரப்புவதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. அந்த வீட்டின் ஆழமே போய்விடும்.

1956இல் வந்த சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'அபராஜிதோ'வுக்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செய்தது இதன் மறுபக்கம். காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்து, கீழிருந்து விளக்கை அதில் அடித்துத் திருப்பினார். இல்லாத வானத்தை அவர் துணியில் உண்டாக்கினார், எங்களுக்கு இருந்த வானத்தை வடிகட்டினால் போதுமாக இருந்தது.

மார்கழியில் எடுப்பவர்கள் கவனியுங்கள்: வெயில் தெற்கே சாய்ந்து வடக்குத் தாழ்வாரத்துக்குள் புகும், மேலே கட்டிய துணியால் மட்டும் அதைத் தடுக்க முடியாது. இந்த மாதிரி வீட்டு அடுக்களையில் பகல் காட்சி எடுத்தவர்கள் யாராவது எழுதுங்களேன்.