முகப்பு யானையும் ஐப்பசி மழையும்

குழு: பெரிய வீட்டுப் பங்காளிகள்

சென்னை அண்ணன்: தீபாவளிக்கு எல்லாரும் கானாடுகாத்தான் வருகிறோம். முகப்புக்கு முன்னால், செடியை யானை வடிவில் வெட்டி வளர்த்திருக்கிறோமே, அதில் தும்பிக்கை எது, கால் எது என்றே தெரியவில்லை. நாளைக்கே ஆள் விட்டு ஒட்ட வெட்டச் சொல்லட்டுமா?

ஆச்சி கானாடுகாத்தான்: வேண்டாம் தம்பி. இங்கே தினமும் சாயங்காலம் மழை. ஒட்ட வெட்டினால் அத்தனை வெட்டுவாயும் ஈரத்தில் ஆறாமல் கிடக்கும். பூஞ்சைக்கு அதுதான் வாசல். ஒட்ட வெட்டுவதெல்லாம் தை பிறந்து, மழை விட்ட பிறகு.

சென்னை அண்ணன்: அதுவரை இப்படியேவா?

ஆச்சி கானாடுகாத்தான்: நுனி மட்டும் கிள்ளலாம். வெயில் அடிக்கிற நாளில், இலையில் பனி காய்ந்ததும் காலையிலேயே ஆரம்பித்து மதியத்துக்குள் முடிக்க வேண்டும். மழை வருவதற்குள் வெட்டுவாய் காய்ந்துவிடும். காதிலும் தும்பிக்கையிலும் நுனியைக் கிள்ளி வடிவம் எடுத்தாலே யானை யானையாகத் தெரியும். உடம்பில் கை வைக்காதே.

நான்: ஆச்சி, யானையின் வயிற்றுப் பக்கம் உள்ளே இலையெல்லாம் பழுப்பாகிக் கொட்டுகிறது. மருந்து அடிக்கலாமா?

குன்னூர் அயித்தான்: முதலில் காற்று உள்ளே போகிறதா என்று பாருங்கள். மெஷினால் மேலாகவே வெட்டி வெட்டி, வெளியே ஒரு கெட்டி ஓடு மாதிரி ஆகியிருக்கும். உள்ளே வெளிச்சமும் இல்லை, ஈரமும் காயாது. கைக் கத்தரியை உள்ளே விட்டு, நெருக்கமான குச்சியை அங்கங்கே அடியோடு எடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஒவ்வொரு செடிக்கும் போகும்போது கத்தரியை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும்.

இங்கே குன்னூரில் மழையோடு மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். இங்கே வடிவம் வெட்டும் சைப்ரஸ் மரத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். பச்சை இல்லாத கட்டை வரை வெட்டிவிட்டால் அந்த இடம் திரும்பத் துளிர்க்காது. உங்கள் யானை டுராண்டா என்ற புதர்ச்செடிதானே? அது பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். தை மாதம் தைரியமாக வெட்டலாம்.

சித்தப்பா தேவகோட்டை: ஓட்டுத் தாழ்வாரத்துத் தண்ணீர் அதன் முதுகில்தானே விழுகிறது? அதைத் திருப்பிவிடுங்கள். விழுகிற வேகத்தில் சேறு தெறித்துக் கீழ் இலையில் ஒட்டும், நோய் அங்கேதான் தொடங்கும். நம் செம்மண் மழை அடித்ததும் மேலே இறுகிப் போகும். லேசாகக் கொத்திவிட்டு, தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் இழுக்க வேண்டும். கொட்டிய இலையைக் கூட்டி அள்ளிவிடுங்கள், அடியிலேயே விடாதீர்கள்.

சென்னை அண்ணன்: சரி சித்தப்பா. கொஞ்சம் யூரியா போட்டால் அடர்ந்து வருமே?

சித்தப்பா தேவகோட்டை: மழைக்காலத்தில் கூடவே கூடாது. பாதி கரைந்து ஓடிவிடும். மீதிக்குத் தளதளவென்று வரும் இளந்துளிரைத்தான் பூச்சியும் பூஞ்சையும் தேடி வரும்.

நான்: அப்புறம் மருந்து?

சித்தப்பா தேவகோட்டை: குச்சியை எடுத்த பிறகும் இலை கொட்டினால் போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்து. 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு வேறொரு 5 லிட்டரில். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு ஆகாது. துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கி, ஓர் இரும்புக் கத்தியை முக்கிப் பார். கத்தி சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றைக்கே அடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது. மழை இல்லாத காலையில் அடி.

குன்னூர் அயித்தான்: யானைக்குள் இருக்கும் கம்பிக் கூட்டையும் பாருங்கள். கட்டுக்கம்பி தண்டை இறுக்கியிருந்தால் வெட்டிவிட்டுச் சணலால் தளர்வாகக் கட்டுங்கள். மழையில் தண்டு பருக்கும்போது கம்பி பட்டையை அறுத்துவிடும். தை மாதம் வெட்டும்போது அடி அகலமாகவும் மேல் கொஞ்சம் ஒடுங்கலாகவும் இருக்கட்டும். இல்லாவிட்டால் கீழ் இலைக்கு வெயில் கிடைக்காது.

ஆச்சி கானாடுகாத்தான்: தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டேன், வெயில் வந்தால் சனிக்கிழமை வருகிறார். தம்பி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்களா? டுராண்டாவில் மஞ்சள் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அது விஷம், வாயில் வைத்துவிடக் கூடாது.

சென்னை அண்ணன்: எல்லாரும் வருகிறார்கள் ஆச்சி. சின்னவன் கண்டதையும் வாயில் போடுவான்.

ஆச்சி கானாடுகாத்தான்: அப்படியென்றால் பழக்கொத்து முழுவதையும் நானே நின்று எடுக்கச் சொல்கிறேன்.