‘பாலமிட்ட சுமை’ வேண்டாம், ‘இருதலை வெளியீடு’ சரியா?

ஐயா, வணக்கம்.

ஸ்பீக்கரின் இரு முனையையும் ஆம்ப்ளிபயரே ஓட்டும் இணைப்பை ஆங்கிலத்தில் bridge-tied load (BTL) என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த ‘பாலமிட்ட சுமை’யைக் காட்பாடியில் மைக் செட் வைத்திருக்கும் என் மாமாவிடம் சொன்னேன். பாலாற்றுப் பாலத்தில் லாரி போவதைத்தான் நினைத்தார். பள்ளிப் பாடநூலில் வீட்ஸ்டோன் பிரிட்ஜை ‘வீட்ஸ்டோன் சமனச்சுற்று’ என்று படித்தோம், ஆனால் இங்கே எதையும் சமன் செய்து பார்க்கவில்லையே, அதனால் ‘சமனச்சுற்று’ம் ஒட்டாது.

டி வகுப்பு (Class D) ஆம்ப்ளிபயரில் மாஸ்பெட்டுகள், அதாவது சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள், ஒன்று முழுதாக ஆனில் இருக்கும், இல்லை முழுதாக ஆஃபில் இருக்கும். நொடிக்கு லட்சக்கணக்கான தடவை இப்படி மாறும்போது துடிப்பின் அகலம்தான் பாட்டைச் சுமந்து வருகிறது, கடைசியில் காயிலும் கெப்பாசிட்டரும் துடிப்பை வடிகட்டிவிடும். ஒரு ஜோடி மாஸ்பெட் மட்டும் இருந்தால், 12 வோல்ட் சப்ளையில் வெளியீடு சும்மா இருக்கும்போது 6 வோல்ட்டில் நிற்கும். அந்த 6 வோல்ட் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்க முன்னால் பெரிய கெப்பாசிட்டர் போட்டு, ஸ்பீக்கரின் மறுமுனையைக் கிரவுண்டில் (சப்ளையின் 0 வோல்ட் முனையில்) கட்டுவோம். இரண்டு ஜோடி இருந்தால் ஸ்பீக்கரின் இரு முனையும் 6 வோல்ட்டில் நிற்கும், ஒன்று ஏற மற்றது இறங்கும், கெப்பாசிட்டரே வேண்டாம். 4 ஓம் ஸ்பீக்கரில் கணக்குப்படி 4.5 வாட் கிடைத்த இடத்தில் 18 வாட் கிடைக்கிறது.

விலை என்ன என்றால், மைனஸ் முனை கிரவுண்ட் இல்லை. இதுதான் சொல்லிலேயே தெரிய வேண்டும் என்கிறேன்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு ஒரு தெருவில் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டினோம். ஒயர் மிச்சம் பிடிக்க இரண்டு பாக்ஸின் மைனஸையும் ஒரே இழையில் சேர்ப்பது மாமாவின் பழைய வழக்கம், பழைய செட்டில் மைனஸ் என்றால் சேசிஸ்தானே, அதாவது கிரவுண்டில் கட்டிய பெட்டியின் உலோக உடம்பு. இரண்டு முனையும் ஓடும் புது ஆம்ப்ளிபயர் பலகையிலும் அப்படியே சேர்த்தார். வால்யூமை ஏற்றியதும் இடது, வலது வெளியீடுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஐசி போய்விட்டது. அன்று இரவு முழுக்க ஒரு குழாய் ஸ்பீக்கரை வைத்துச் சமாளித்தோம், மாமா யாரிடமும் பேசவே இல்லை.

அதனால் என் பரிந்துரை ‘இருதலை வெளியீடு’. இருதலைக் கொள்ளி என்றால் எந்த முனையையும் தொட முடியாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு முனை கிரவுண்டில் இருப்பது ‘ஒருதலை வெளியீடு’. ஒருதலைக் காதல் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். இரண்டும் சோடியாக நிற்கின்றன, எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

இரண்டு முனையும் உயிரோடு இருந்தால் பிளஸ், மைனஸ் குறி எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸில் தொட்டால் கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) முன்னால் வரும், மாற்றித் தொட்டால் உள்ளே போகும். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு பாக்ஸில் ஒன்று மாறிப்போனால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், பம்பையின் அடிச்சத்தம் அப்படியே கரைந்துவிடும். ஆக, இருதலையில் குறி காட்டுவது திசையை மட்டும்தான். கோனை முன்தள்ளும் முனையை ‘முன்தலை’ என்றும் மற்றதைப் ‘பின்தலை’ என்றும் சொல்லிப் பார்க்கலாமா?

அப்புறம், செட் போடுபவர்கள் இதைத்தான் ‘பேஸ் (phase) மாறிடுச்சு’ என்பார்கள். அதைக் ‘கட்ட மாற்றம்’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். கட்டம் நேரத்தோடும் அதிர்வெண்ணோடும் சேர்ந்தது, இங்கே நடந்தது வெறும் ஒயர் மாற்றம். ‘முனை மாற்றம்’ போதும்.

‘முழுப்பாலம்’ (full bridge) இரண்டு ஜோடி மாஸ்பெட் உள்ள சுற்று வரைபடத்தின் பெயராக இருக்கட்டும், அதில் எனக்குத் தடை இல்லை. ஸ்பீக்கர் மாட்டும் இடத்தில் எழுத ‘இருதலை வெளியீடு’ நல்லதா, ‘இருதலை இணைப்பு’ நல்லதா என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா. மாமா பெட்டியின் பின்பக்கம் எழுத பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறார்.