சாங்கூ தீவுக்கு ஒரு நாள்: படகு பேசுவதற்கு முன் கடல் வற்றும் நேரம் பாருங்கள்
(ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்)

உப்புக்காற்று

தன்னார்வப் பணிக்கு தான்சானியாவின் சான்சிபார் தீவுக்கு வருகிறவர்கள் கிடைக்கிற முதல் சனிக்கிழமை கிளம்புவது, அங்குள்ள பழைய நகரான ஸ்டோன் டவுனுக்கு எதிரே தெரியும் சாங்கூவுக்குத்தான். படகுக்காரர்களிடம் 'பிரிசன் ஐலண்ட்' (சிறைத் தீவு) என்றாலே போதும். கடலில் ஐந்தரை கிலோமீட்டர், மோட்டார் வைத்த மரப்படகில் இருபது முதல் முப்பது நிமிடம். இதோடு நகுபெண்டா மணல்திட்டையும் சேர்த்து ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவது வழக்கம். இரண்டில் எதற்கு முதலில் போவது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

நகுபெண்டா என்பது தண்ணீர் இறங்கினால் தலைகாட்டும் வெறும் மணல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் நான்கு மீட்டர் வரை ஏறி இறங்கும். அந்த நாட்களில் வற்றம் முற்பகல் பத்து, பதினொரு மணி வாக்கில் வரும். அப்போது காலையில் திட்டு, மதியத்துக்கு மேல் தீவு. அஷ்டமி, நவமி வாக்கில் வற்றம் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போகும், இறக்கமும் குறைவு. அன்றைக்குத் தீவை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். திட்டு அரைகுறையாகத்தான் வெளியே வரும் என்பதையும் மனதில் வையுங்கள். நம் தினசரி காலண்டரில் திதி பார்த்தாலே ஒரு குத்துமதிப்பு கிடைத்துவிடும்.

வற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது ஆறு மணி நேரம். அதாவது, போன சனிக்கிழமை போய்வந்த சக தன்னார்வலர் சொல்லும் நேரம் இந்தச் சனிக்கிழமைக்கு நேர் தலைகீழ். விடுதியில் வாய்வழியாகப் பரவும் திட்டங்கள் சொதப்புவது இதனால்தான்.

பவளம்

நேரத்தில் இன்னும் இரண்டு குழி இருக்கிறது. கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் சில ஓத அட்டவணைச் செயலிகள் கிரீன்விச் நேரத்தைக் காட்டும். சான்சிபார் அதற்கு மூன்று மணி நேரம் முன்னால் இருப்பதால், அமைப்பில் உள்ளூர் நேரம்தானா என்று பாருங்கள். இரண்டாவது, சுவாஹிலிக் கணக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். 'சா ம்பிலி' என்று படகுக்காரர் சொன்னால் அது இரண்டு மணி இல்லை, காலை எட்டு. பேசி முடித்ததும் கைக்கடிகார முள்ளைத் தொட்டுக் காட்டி உறுதி செய்துவிடுங்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர் என்றாலும் இதை விட வேண்டாம்.

விலை பேசும்போது கேட்க வேண்டியவை: படகுக்கு மொத்தமா, தலைக்கா? தீவு நுழைவுக் கட்டணம் உள்ளடங்குமா? திட்டில் எத்தனை மணி நேரம் நிற்கும்? மதியச் சாப்பாடு உண்டா? கட்டணத்தை ரொக்கமாக வாங்குவார்களா, அட்டையிலா என்பதையும் கேட்டுவிடுங்கள். கிழிந்த, கறை பட்ட, பழைய வரிசை டாலர் நோட்டுகளை இங்கே பெரும்பாலும் தொடவே மாட்டார்கள். சில்லறை ஷில்லிங் தனியாக இருக்கட்டும். கடற்கரையில் பின்தொடரும் தரகர்களுக்கு 'பாபாசி' என்று பெயர். அவர்கள் வழியாகப் போனால் விலையில் அவர்கள் பங்கும் ஏறும். நேராகப் படகோட்டுகிறவரையே பார்த்து, படகையும் பார்த்துப் பேசுவது மேல்.

படகில் பார்க்க வேண்டியது கூரைத் துணியின் நிறத்தை அல்ல. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, அதன் கொக்கி பூட்டுகிறதா, துடுப்போ கழியோ கிடக்கிறதா, நங்கூரக் கயிறு நைந்திருக்கிறதா, எண்ணெய் கேன் ஒன்று கூடுதலாக உண்டா? பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஸ்டோன் டவுன் கரையில் முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் நகல், போன், பணம் எல்லாம் வாயைச் சுருட்டிக் கட்டும் நீர்புகாப் பையில் போகட்டும்.

ஆமைக்காரர்

சாங்கூவில் பார்க்க வேண்டியது அல்டாப்ரா ராட்சத ஆமைகள். 1919-இல் சீஷெல்ஸிலிருந்து அன்பளிப்பாக வந்தவை நான்கே நான்கு. பெருகி 1955 வாக்கில் இருநூறு வரை ஆயின. பிறகு திருட்டு. 1996-இல் ஏழுதான் மிச்சம். அதற்கப்புறம் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டு, பிறகு வேலி போட்ட காப்பிடமும் அமைத்தார்கள். இன்று நீங்கள் நடக்கும் அந்த அடைப்புக்குக் காரணம் இதுதான்.

ஓட்டில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து வயது தெரிந்துகொள்ளலாம். நூறு தாண்டியவையும் உண்டு. பெரிய ஆண் ஆமை 250 கிலோ வரை வரும். ஓட்டில் உட்காராதீர்கள், குழந்தையை ஏற்றி உட்கார வைக்காதீர்கள். பின்னாலிருந்து போனால் 'புஸ்' என்று மூச்சை விட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது பயம். முன்பக்கமாக, தலைக்குத் தாழ்வாகக் குந்தி, கழுத்தின் அடித்தோலை மெதுவாகத் தடவினால் நான்கு காலையும் நிமிர்த்தி எழும், கழுத்து முழம் நீளத்துக்கு நீளும். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிற்கும். கையை எடுத்தால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கும்.

ஊழியர்கள் கீரைத் தண்டு கொடுப்பார்கள். நுனியைப் பிடித்து இலைப்பக்கத்தை நீட்டுங்கள். ஆமைக்குப் பல் கிடையாது, ஆனால் அலகு கத்தரிக்கோல் மாதிரி. கண்ணைவிட வாய் அவசரக்காரன் என்பதால் விரலுக்கும் தண்டுக்கும் வித்தியாசம் பார்க்காது. உள்ளே போகும் முன் கையில் உள்ள சன்ஸ்கிரீனையும் கொசு மருந்தையும் கழுவுங்கள். வெளியே வந்ததும் சோப்புப் போட்டு மறுபடி கழுவுங்கள். ஊர்வன உடம்பில் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி சகஜம். குழாயடியில் சோப்பு இருக்கும் என்று நம்பிப் போகாமல் ஒரு துண்டு சோப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆமையைத் தொட்ட கையோடு மாம்பழம் சாப்பிட்டவருக்குத் வயிறு கெட்டு, திங்கட்கிழமை வகுப்பு எடுக்க முடியாது.

சிறைச்சாலைக் கட்டடத்துக்குக் கால் மணி நேரம் போதும். 1890-களில் கட்டினார்கள், கைதி ஒருவரும் வரவில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்புக்காகக் கப்பல் பயணிகளை நிறுத்தி வைக்கும் இடமாகிப்போனது.

மருந்துப்பெட்டி

தன்னார்வலர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மலேரியாத் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் எடுப்பவர்கள் நிறைய. அந்த மாத்திரை தோலை வெயிலுக்கு வழக்கத்தைவிட எளிதில் கருகவைக்கும். சான்சிபார் தென் அட்சரேகை ஆறு டிகிரி. மார்ச், அக்டோபர் தொடக்கத்தில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேர் மேலே. வெள்ளை மணல் கீழிருந்தும் அடிக்கும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு வேண்டாம். முழுக்கை நீச்சல் சட்டை, தொப்பி, பின்கழுத்துக்கும் பாத மேல்புறத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன். மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

திட்டில் மரம் இல்லை, குடிதண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. தீவிலிருந்து திட்டுக்குப் போவதாக இருந்தால் தீவிலேயே எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

பவளப்பாறைப் பக்கம் கறுப்பு நிறத்தில் நீள முள்ளோடு கடல் முள்ளெலிகள் இருக்கும். வற்றத்தில் நடந்தே தாண்டலாம் என்று தோன்றும் இடத்தில்தான் மிதிபடும். ரப்பர் செருப்பை முள் துளைத்துவிடும், அடித்தளம் தடித்த நீர்க்காலணி வேண்டும். குத்திவிட்டால் தோண்டாதீர்கள், முள் உள்ளேயே நொறுங்கும். வெளியே தெரியும் நுனியை இடுக்கியால் நேராக இழுத்து, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்தால் வலி இறங்கும். மூட்டில் குத்தினாலோ மறுநாள் வீங்கினாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

தார்வாசி

மறுகரை நகரான தார் எஸ் சலாமிலிருந்து வருகிறவர்களுக்கு: கப்பல் இரண்டு மணி நேரம், சான்சிபார் துறைமுகத்தில் பாஸ்போர்ட் பார்ப்பார்கள், நகல் போதாது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2024 அக்டோபர் 1 முதல் சான்சிபார் அரசு காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி கட்டாயம். அறிமுகமானபோது பெரியவர்களுக்கு 44 டாலர். சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்ய அனுமதி கிடையாது, கவுண்டரில் 'வாலண்டியர்' என்று சொல்லும் முன் உங்கள் அனுமதிச் சீட்டு எது என்று தெரிந்திருக்கட்டும்.

ஸ்டோன் டவுனில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், நீச்சல் உடை படகில் ஏறிய பிறகு. காங்கா என்னும் உள்ளூர்ச் சுற்றுத்துணி ஒன்று இருந்தால் போர்த்தவும் துவட்டவும் ஆகும். ரமலானில் படகோட்டி நோன்பில் இருப்பார், அவர் எதிரில் தண்ணீர் குடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

உப்புக்காற்று

விட்டுப்போனது: ஜூன் முதல் செப்டம்பர் வரை கூசி என்னும் தெற்குக் காற்று. மதியத்துக்கு மேல் வலுக்கும். சாங்கூ வடமேற்கே இருப்பதால் திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று, படகு அலையில் அறைந்து அறைந்து வரும். அந்த மாதங்களில் இரண்டு மணிக்கே கரை திரும்பும்படி பேசிக்கொள்ளுங்கள். குமட்டுகிறவர்கள் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக்கொண்டு, முன்பக்கத்தை விட்டுப் பின் பலகையில் உட்காருங்கள். அங்கே புகை கொஞ்சம் வரும், உலுக்கல் குறைவு.