போன் மேப் மலைமேல் ஏற்றிவிட்டது: லோரிக்கு வழி பார்ப்பது எப்படி?

புக்கிட் மின்யாக் தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. லோரி எடுத்து நாலு மாதம்தான் ஆகிறது. மூன்று டன் பெட்டி லோரி. புக்கிட் மின்யாக் ஸ்டோரிலிருந்து பினாங்குத் தீவுக்குச் சாமான் கொண்டுபோகிறேன். கெலிண்டான் (லோரி உதவியாள்) கிடையாது, நான் ஒருவன்தான்.

போன வாரம் பாயான் லெப்பாஸில் இறக்கிவிட்டு அடுத்து தெலுக் பஹாங். போன் பாலிக் புலாவ் வழியைக் காட்டியது. ஜார்ஜ்டவுன் நெரிசலுக்கு இது தேவலாம் என்று நானும் திருப்பிவிட்டேன். தித்தி கெராவாங் பக்கம் ஏறினால் டுரியான் கடைகள், சாலையோரம் முழுக்கக் கார்கள். ஒரு வளைவில் எதிரே வேன் வந்துவிட்டது. ரிவர்ஸ் எடுக்க வேண்டும், பின்னால் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து போனும் சூடாகி அணைந்துபோனது. வேர்த்து ஊற்றிவிட்டது.

அதற்கு முந்தின மாதம் ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் உயரக் கம்பி இடித்துப் பெட்டியின் மேல்பக்கம் கீறல். தவுக்கே (முதலாளி) சம்பளத்தில் பிடித்துவிட்டார்.

மாமா பழைய வரைபடப் புத்தகம் ஒன்று கொடுத்தார். 2009இல் அச்சானது, இரண்டாவது பாலமே அதில் இல்லை. தாளை நம்புவதா, போனை நம்புவதா?

ஓய்வில் இருக்கும் லோரிக்காரன்:
தம்பி, 31 வருடம் ஓட்டியவன் சொல்கிறேன். தாள் மேப்பைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களை ரொம்ப நம்பாதே. அதிலும் லோரியின் உயரம் எழுதியிருக்காது, டுரியான் சீசனும் எழுதியிருக்காது. எங்களைக் காப்பாற்றியது 555 புத்தகம். ஆமாம், மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவோமே, அதேதான். ஒவ்வொரு இறக்குமிடத்துக்கும் ஒரு பக்கம். எந்தக் கோயில் தாண்டித் திரும்ப வேண்டும், எந்தச் சந்தில் கரண்ட் கம்பி தாழ்வு, ஸ்டோர் கேட் எந்தப் பக்கம், காவலாளி எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார், எல்லாம் இருக்கும். புது இடம் என்றால் முதல் நாள் இரவே, அங்கே போய்வந்தவனைக் கேட்டு எழுதிவிடுவேன்.

தாள் மேப் ஒன்றுக்கு உதவும்: முழுத் தீவும் ஒரே பார்வையில் தெரியும். பாயான் லெப்பாஸுக்கும் தெலுக் பஹாங்குக்கும் நடுவில் மலை கிடக்கிறது என்று அதைப் பார்த்திருந்தால் உனக்கே புரிந்திருக்கும். போனில் அடுத்த முந்நூறு மீட்டர்தான் கண்ணில் படும்.

இன்னொன்று, ஒரே சாலையைப் பழைய ஆட்கள் கிரீன் லேன் என்பார்கள், பலகையில் ஜாலான் மஸ்ஜித் நெகிரி என்று இருக்கும். இரண்டு பெயரையும் எழுதி வை. அப்புறம், அந்த மலையில் இனி இறங்க நேர்ந்தால் பிரேக்கை மட்டும் நம்பாதே, கியரைக் குறை.

வயர்மேன்:
வேஸ் (Waze) செயலியில் வண்டி வகை கேட்கும் இடத்தில் லோரி கிடையாது. கார், டாக்சி, மோட்டார் சைக்கிள்தான். ஆக, அது காருக்குத்தான் வழி சொல்கிறது. ஓஸ்ம்அண்ட் (OsmAnd) செயலியில் லோரியைத் தேர்ந்தெடுத்து உயரம், எடை போடலாம். ஆனால் அதன் வரைபடம் தன்னார்வலர்கள் நிரப்பியது. ஒரு பாலத்துக்கோ கம்பிக்கோ யாரும் உயரம் எழுதவில்லை என்றால் செயலிக்கும் தெரியாது.

எடை கதவில் எழுதியிருக்கும். உயரத்தை நீங்களே நாடா வைத்து அளந்துவிடுங்கள், அதுவும் காலி லோரியில். சாமான் இறக்கியதும் ஸ்பிரிங் தூக்கிக்கொள்ளும். போகும்போது நுழைந்த இடத்தில் திரும்பும்போது இடிப்பது அதனால்தான்.

போனில் இறக்கி வைத்த மேப்பையும் அவ்வப்போது புதுப்பியுங்கள். பழசாக இருந்தால் ஃபெரியில் ஏறச் சொல்லும். 2021 முதல் அதில் காரே ஏற்றுவதில்லை, லோரிக்கு எங்கே போவது.

சூட்டுக்கு: கண்ணாடி ஓரத்திலிருந்து எடுத்து ஏர்கோன் காற்று படும் இடத்தில் மாட்டுங்கள். உறையைக் கழற்றுங்கள். வேகமான சார்ஜர் வேண்டாம்.

கே.எல். ஓட்டம்:
பினாங்கு பரவாயில்லை அண்ணே. இங்கே கோலாலம்பூரில் ஸ்மார்ட் சுரங்கச் சாலைக்குள் லோரி நுழையவே கூடாது, சில நெடுஞ்சாலைகளில் காலை மாலை தடை நேரம் வேறு. கார் மேப் போட்டு ஓட்டினால் சம்மன்தான்.

டிஸ்பேட்ச் அக்கா:
நான் ஆபீஸில் உட்கார்ந்து லோரி அனுப்புகிறவள். பாதித் தப்பு எங்கள் பக்கம்தான். போனில் புள்ளி ஆபீஸ் வாசலில் விழும், சாமான் இறக்கும் கேட் பின்பக்கச் சாலையில் இருக்கும். கிளம்பும் முன் ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு "லோரி எந்த கேட்?" என்று கேளுங்கள், தம்பி. அஞ்சல் எண்ணையும் பாருங்கள், ஒரே மாதிரிப் பெயர் இரண்டு ஊருக்கு இருக்கும். இங்கே சிம்பாங் அம்பாட் 14100. பெர்லிஸ் சிம்பாங் எம்பாட் 02700. எங்கள் பையன் ஒருவன் அலோர் ஸ்டார் தாண்டிப் போய்க்கொண்டே போன் செய்தான்.

புக்கிட் மின்யாக் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. காலி லோரியை அளந்தேன், 10 அடி 4 அங்குலம். இத்தனை நாள் ஒன்பது அடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! 555 புத்தகம் வாங்கிவிட்டேன். நேற்று தெலுக் பஹாங் மறுபடியும் வந்தது. முதலில் மாமாவின் புத்தகத்தை விரித்துப் பார்த்துவிட்டு, தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபெரிங்கி வழியாகப் போனேன். அதிலும் வளைவு இருக்கிறது, ஆனால் சமாளிக்க முடிகிறது. போனை நெரிசல் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். சார்ஜரைப் பிடுங்கினால் சூடு இல்லை, ஆனால் மதியத்துக்குள் பேட்டரி காலியாகிவிடுகிறது.

வயர்மேன்:
தெரிந்த சாலையில் திரையை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். சாமான் இறக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள், வெயில் படாமல் சீட்டுக்குக் கீழே.