டெக்சாஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: டிசம்பர் டிக்கெட் எடுக்கும் முன்

ஊருக்குப் போக டிக்கெட் பார்க்கிறீர்கள் என்றால், பள்ளி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். டெக்சாஸ் மாநில அரசு, பள்ளியில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பணம் தருவதில்லை. தினமும் சராசரியாக எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று பார்த்தே தருகிறது. என் மகளின் பள்ளியில் காலை 10 மணிக்கு வருகை எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் காலியாக இருக்கும் நாற்காலிக்குப் பணம் இல்லை.

ஒரு பிள்ளைக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019 முதல் ஆண்டுக்கு 6,160 டாலர். விலைவாசி அத்தனை ஏறியும், 2025-இல் கூட்டியது 55 டாலர்தான். விடுமுறைக்கு முன்னும் பின்னுமாக மூன்று வாரம் சேர்த்து ஊரில் தங்கினால், 15 பள்ளி நாட்கள் போகும். ஆண்டுக்கு 175 நாள் என்று வைத்தால், ஒரு பிள்ளையாலேயே பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கு, 500 டாலருக்கு மேல் குறையும். வகுப்பில் பாதிப் பேர் நம்மவர்களாக இருக்கும் பள்ளிகளில் இது சின்னத் தொகை அல்ல.

தீபாவளிக்குத் தயங்காமல் விடுப்பு எடுங்கள், ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மத விழாவுக்கென்று அனுமதி பெற்ற விடுப்பை இங்கே சட்டம் வருகையாகவே கணக்கிடுகிறது. மருத்துவரைப் பார்க்கப் போனாலும், அன்றைக்கே பிள்ளை வகுப்புக்கும் வந்துவிட்டால் அதுவும் வருகைதான்; மருத்துவரின் சீட்டை மறக்காமல் கொடுங்கள்.

"இவ்வளவு சொத்து வரி கட்டுகிறோமே, எங்கே போகிறது?" என்று வீடு வாங்கிய எல்லோரும் கேட்கிறார்கள். பள்ளி மாவட்டத்துக்கு உரிய தொகையில் உள்ளூர் வரி போக மீதியைத்தான் மாநிலம் தரும். வரி வசூல் அந்தத் தொகையைத் தாண்டினால், மிஞ்சியதை மாவட்டம் மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். பணக்காரரிடம் எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்த கதைநாயகனின் பெயரால், ராபின் ஹூட் என்று மக்கள் சொல்வது இதைத்தான். ஆஸ்டின் பள்ளி மாவட்டம் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டாலர் இப்படிக் கட்டுகிறது. எனக்கு இதில் வருத்தமில்லை. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதியில் தகர வேலை செய்துவந்த டெமெட்ரியோ ரோட்ரிகஸ், ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்காக 1968-இல் வழக்குப் போட்டார். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார். பிறகு எட்ஜ்வுட் மாவட்டமே தொடுத்த வழக்கில், 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றது. 1993-இல் வந்த இந்த ராபின் ஹூட் சட்டம் அதன் விளைவு. பகிர்ந்து கொடுப்பது நியாயம். அடிப்படை ஒதுக்கீட்டை ஆறு ஆண்டு அசைக்காமல் வைத்திருந்ததுதான் அநியாயம்.

கடைசியாக ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது, வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் கேட்கும். "ஆங்கிலம் என்றே போடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள்" என்று எங்களுக்கும் ஒருவர் சொன்னார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் வெகுநேரம் யோசித்தோம். பிறகு தமிழ் என்று எழுதினோம். சிறிய தேர்வு வைத்தார்கள். ஆங்கிலத்தில் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அந்தப் பயிற்சி தர, மாநிலம் அடிப்படைத் தொகையில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தருகிறது. முதல் ஆண்டு முழுவதும் ஓர் ஆசிரியை மகளுடன் உட்கார்ந்து வாசித்தார்.