டிஷ்வாஷர்ல தண்ணி சூடே ஆகல, போர்டு மாத்தணும்ங்குறாக. மாத்தலாமா?

அடுப்படி ஆச்சி, காரைக்குடி:
மெஷின் ஓடுது, தண்ணி எடுக்குது, சோப்பு மூடி தொறக்குது, அழுக்குத் தண்ணிய வெளிய தள்ளுது, ஆனா சூடு மட்டும் ஏறவே மாட்டேங்குது. 70 டிகிரி புரோகிராம் போட்டு பாதியில கதவ தொறந்தா கெணத்துத் தண்ணியா இருக்கு, ஒரு பொட்டு ஆவி இல்ல. கறிக்கொழம்பு ஊத்துன மங்குத் தட்டுல விரல வச்சு இழுத்தா கொழுப்பு வெள்ளையா சுருண்டு வருது, சோப்பு மாத்திரை பாதி கரையாம டப்பாவுலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. எரர் கோடு எதுவும் இல்ல. வந்த மெக்கானிக் கதவ தொறந்து பாத்ததோட சரி, மெஷின ஓட்டுற எலக்ட்ரானிக் போர்டு போச்சு மாத்தணும்னு விலை சொல்லிட்டுப் போயிட்டாரு, கையில மீட்டர் கூட எடுக்கல. வாரண்டி முடிஞ்சிருச்சு. அடுத்த வாரம் வீட்டுல முன்னோருக்குப் படைக்கிற படைப்பு, பங்காளி வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் வந்துருவாக. யாராச்சும் வழி சொல்லுங்க.

புதுவயல் மாப்ளே:
வோல்டேஜ் பாத்தீகளா ஆச்சி? எங்க பக்கம் சாயங்காலம் ஆனா 180-க்கு எறங்கிரும்.

தேவகோட்டை ஒயர்மேன்:
வோல்டேஜ் கம்மியானா மெதுவாதான் சூடாகும் மாப்ளே, சுத்தமா ஆகாம இருக்காது. 2000 வாட்ஸ் ஹீட்டர் 180 வோல்ட்ல கிட்டத்தட்ட 1200 வாட்ஸ் குடுக்கும், மெஷின் அரை மணி கூட ஓடும், அவ்ளோதான். ஆச்சி சொல்றது பச்சத் தண்ணி, அது வேற கத.

ஆச்சி, மொதல்ல ஹீட்டருக்கு கரண்ட் போகுதா இல்லையான்னு தெரியணும், அதுக்கு ஒரு சாமானும் வேண்டாம். வீட்டுல பேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாத்தையும் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டு டிஷ்வாஷர மட்டும் 70-ல ஓட விடுங்க. தண்ணி எடுத்து முடிச்சு அடிக்க ஆரம்பிச்சதும் கரண்ட் மீட்டர்ல இருக்குற சிவப்பு லைட்ட பாருங்க. வெறும் பம்ப் மட்டும் ஓடுனா எப்பவாச்சும் ஒருக்கா மின்னும், ஹீட்டர் சேந்துச்சுன்னா படபடன்னு அடிக்கும். ஒயர கவ்விப் புடிச்சு கரண்ட் அளக்குற கிளாம்ப் மீட்டர் வச்சிருக்குற தம்பி யாராச்சும் இருந்தா 8, 9 ஆம்பியர் காட்டணும், ஆனா முழு கேபிள்ல மாட்டுனா ஜீரோதான் காட்டும், ஒத்த ஒயர்ல மாட்டணும், இத தெரியாமதான் பாதிப் பேரு ஹீட்டர் அவுட்டுன்னு சொல்லிருவாங்க.

பள்ளத்தூர் அக்கா:
கீசர் லைன்ல இருந்து பைப் குடுத்துட்டா பிரச்சன தீந்துச்சுல்ல? நிறைய மெஷின் 60 டிகிரி வரைக்கும் தாங்கும்னு புக்குலயே போட்ருக்கும்.

தேவகோட்டை ஒயர்மேன்:
அவசரத்துக்கு ஓட்டலாம் அக்கா, புக்குல பாத்துட்டு. ஆனா கடைசி அலசலும் சூடாத்தான் இருக்கணும், அந்தச் சூட்டுலதான் பாத்திரம் காயுது. கீசர் பைப்புல நிக்கிற பச்சத் தண்ணிதான் மொதல்ல வரும், மெஷின் ஒரு தடவைக்கு எடுக்குறதே கொஞ்சம், உள்ள போறதுல பாதி ஆறுன தண்ணியாத்தான் இருக்கும்.

அடுப்படி ஆச்சி, காரைக்குடி:
லைட்ட பாத்தேன் தம்பி, சும்மா அப்பப்ப மின்னுது, வேகம் எடுக்கல. இன்னொன்னு, அடிக்கிறப்ப கொடகொடன்னு ஒரு சத்தம், முன்னாடி இப்படி இல்ல, ஒரே சீரா உம்முன்னு ஓடும்.

தேவகோட்டை ஒயர்மேன்:
ஆங், அந்தச் சத்தம்தான் விஷயம். இப்ப வர்ற நிறைய மாடல்ல ஹீட்டர் பம்போட சேந்தே இருக்கும், தண்ணி போதுமான அழுத்தத்துல ஓடுனாதான் பிரஷர் சுவிட்ச் சேந்து ஹீட்டருக்கு கரண்ட் விடும், இல்லாட்டி ஹீட்டர் காஞ்சு எரிஞ்சு போயிரும்ல. கொடகொடன்னா பம்ப் காத்த இழுக்குது. தண்ணி கம்மியா வருது, இல்ல உள்ள அடியில இருக்குற ஃபில்டர் அடைச்சு தண்ணி பம்புக்கு எறங்கல. ஃபில்டர திருகி எடுத்து, அந்த மெல்லிசு சல்லடைய வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, அந்தப் பக்கம் தெரியுதான்னு. பிளக்க கழட்டிட்டு கை வைங்க. தண்ணி வர்ற பைப்ப வாஷர் கிட்ட கழட்டுனா அங்கயும் ஒரு குட்டி வலை இருக்கும், போர் தண்ணின்னா மணல் நிக்கும்.

பள்ளத்தூர் அக்கா:
கவுனி அரிசி கிண்டுற பாத்திரத்த எல்லாம் அப்படியே உள்ள வைக்கிறீகளா ஆச்சி? அந்தப் பசை லேசுல போகாது.

அடுப்படி ஆச்சி, காரைக்குடி:
தம்பி, நீங்க நல்லா இருக்கணும். ஃபில்டர பாத்தா மேலாக்க சுத்தமாத்தான் இருந்துச்சு, ஒரு சோத்துப் பருக்க கூட இல்ல, ஆனா டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சா அந்தப் பக்கம் ஒன்னுமே தெரியல. நகத்தால சுரண்டுனா கண்ணாடித் தாள் மாதிரி ஒரு படலம் உரிஞ்சு வந்துச்சு, அக்கா சொன்ன கவுனிப் பசையேதான். வெந்நியில ஊறப் போட்டு பழைய பல்லு பிரஷ் வச்சு தேச்சு மாட்டிட்டேன். பைப் வலையில கொஞ்சம் மணல் இருந்துச்சு. இப்ப கொடகொட சத்தம் நின்னுருச்சு, மீட்டர் லைட்டும் படபடன்னு அடிக்குது, கதவ தொறந்தா மூக்குக் கண்ணாடி மூடிக்கிச்சு!

புதுவயல் மாப்ளே:
அப்ப போர்டு?

தேவகோட்டை ஒயர்மேன்:
போர்டு நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஃபில்டர் சுத்தம் பண்ணியும் லைட் வேகம் எடுக்கலன்னாதான் அடுத்து பிளக்க கழட்டிட்டு மீட்டர் வச்சு ஹீட்டர்ல ஓம்ஸ் (மின் தடை) பாக்கணும், 2000 வாட்ஸுக்கு 26 பக்கத்துல வரணும், ஓப்பன், அதாவது உள்ள அறுந்து போச்சுன்னு காட்டுனா ஹீட்டர் போச்சு. ஹீட்டர் சரியா இருந்தா பிரஷர் சுவிட்ச், சூடு பாக்குற சென்சார், அப்புறம்தான் போர்டுல இருந்து ஹீட்டர ஆன் பண்ற ரிலேங்குற குட்டி சுவிட்ச். அதுலயும் சில நேரம் சால்டரிங் விட்டுப் போயிருக்கும், வச்சு ஊதுனா முடிஞ்சுது, புது போர்டே வேண்டாம்.

ஆச்சி, உப்பு டப்பாவையும் ஒரு தடவ பாத்துருங்க, நம்ம பக்கத்து போர் தண்ணிக்கு உப்பு இல்லாம ஓட்டுனா ஹீட்டர் மேல சுண்ணாம்பு ஏறிரும். சமையல் தூள் உப்பு போடாதீக, டிஷ்வாஷருக்குன்னு விக்கிற கல்லு உப்புதான்.

அடுப்படி ஆச்சி, காரைக்குடி:
சரி தம்பி, வாங்கிர்றேன். படைப்புக்கு பரண்ல இருக்குற பித்தளச் சாமான் எல்லாம் எறக்கணும், அதையும் இதுலயே போட்டுரலாமா?

பள்ளத்தூர் அக்கா:
ஐயய்ய, வேண்டாம் ஆச்சி, அந்தச் சோப்புக்கு பித்தள கறுத்துப் போயிரும். புளிதான்.